முப்பத்திரெண்டு கை

இப்படித் தள்ளி ஜன்னலோரமா உக்காந்துக்கோங்கம்மா, குழந்தைக்குக் காத்து வரும். நான் கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போறவ, எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதான். பாப்பாவுக்கு நாலு வயசா? அப்ப கூடிய சீக்கிரம் ஸ்கூல்ல போடணுமே. எங்க சேக்கப் போறீங்க? கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க, நான் டீச்சர். பஞ்சாயத்து யூனியன் ஸ்கூல்ல ரெண்டாங்கிளாஸ். இருபத்திமூணு வருஷ சர்வீஸ்.

புடவையைப் பாக்குறீங்களா? செம்மண்ணுதான். செங்கல் சூளைக்குப் போயிட்டு வர்றேன். சனிக்கிழமையும் அதுவுமா டீச்சருக்கு சூளையில என்ன வேலைன்னுதானே? என் கிளாஸ் பொண்ணு ஒருத்தி அங்க இருக்கா. நதியான்னு பேரு, ஏழு வயசு. ஸ்கூலுக்கு வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. எங்க பெரிய டீச்சர் சொல்லிட்டாங்க, "சாந்தகுமாரி, திங்கக்கிழமை அந்தப் பொண்ணு வகுப்புல உக்காந்திருக்கணும். இல்லன்னா பேரை எடுத்துட்டு, ஏன் நின்னுச்சுன்னு எழுதிக் குடு"ன்னு. அதான் விடிஞ்சதும் பஸ் ஏறிப் போனேன். வெறுங்கையோடதான் திரும்பி வர்றேன்.

நான் அந்தப் பொண்ணை விரட்டிட்டேன்னு மத்த டீச்சருங்க பேசிக்கிறாங்கம்மா. எனக்கு வயித்தெரிச்சல் அதுதான். நான் விரட்டுறதா! என் கிளாஸ்ல கம்பே கிடையாது. பன்னெண்டு வருஷமா ஒரு குழந்தை மேல கை வெச்சதில்ல. பக்கத்து மூணாங்கிளாஸ்ல போய்ப் பாருங்க, அந்த சார் ஸ்கேலை ஓரமாத் திருப்பி வெச்சு விரல் மூட்டுலயே அடிப்பார். அவரைப் பத்தி ஒருத்தரும் பேசறதில்ல. என்னைப் பேசுறாங்க.

பன்னெண்டு வருஷம்னு ஏன் சொல்றேன்னா, அப்பதான் ஒரு பயிற்சிக்குப் போனேன். மூணு நாள். எல்லாரும் சமோசா சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டாங்க. நான் ஒருத்திதான் நோட்டுல எழுதிக்கிட்டு வந்தேன். விதியை டீச்சர் போடக் கூடாது, குழந்தைங்களைக் கேக்கணும், அவங்களே போடட்டும். அவங்க போட்ட விதியை அவங்களே காப்பாத்துவாங்க. டீச்சருக்கு ஒரே ஒரு ஓட்டுதான், அதையும் கடைசியிலதான் போடணும். நான் அந்த ஒரு ஓட்டைக் கூடப் போடறதில்லம்மா. குழந்தைங்க என் முகத்தைப் பாத்துத் தூக்குவாங்கன்னுட்டு, கையைப் பின்னாடி கட்டிக்குவேன்.

ஜூன் மாசம் முதல் வாரம் பாடமே எடுக்க மாட்டேன். எல்லாரையும் தரையில வட்டமா உக்கார வெச்சு, நம்ம கிளாஸ் எப்படி இருக்கணும்னு கேப்பேன். முதல்ல முழிப்பாங்க, அப்புறம் வரும் பாருங்க. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேசக் கூடாது. ஒண்ணுக்குப் போறவங்க ரெண்டு ரெண்டு பேராப் போகணும். தண்ணி குடிச்சா டம்ளரைக் கவுத்து வைக்கணும். ஒவ்வொண்ணா ஓட்டுக்கு விட்டு, சார்ட்டுல எழுதி, கீழ எல்லாரும் கை பதிப்பாங்க. துணிக்குப் போடற சொட்டு நீலம் இருக்குல்ல, அதைத் தட்டுல ஊத்திக் கையை முக்கி அப்படியே வெப்பாங்க. முப்பத்திரெண்டு நீலக் கை. மேல இருந்து வந்த அதிகாரி அதை ஃபோட்டோ எடுத்துட்டுப் போனார்.

பொய் சொன்னா என்ன பண்றதுங்கிற விதி மட்டும் அந்த வாரம் ரொம்ப இழுத்துச்சு. ஒருத்தன் "முட்டி போட வைக்கணும்"னான். இன்னொண்ணு "சூடு போடணும்"னுச்சு. வீட்டுல பாக்குறதைத்தானே சொல்லும்? நான் சொன்னேன், நம்ம கிளாஸ்ல யாரையும் வலிக்க வைக்கிறதில்ல. வேற யோசிங்க. அப்ப ஹர்ஷினி எழுந்திரிச்சு, "வட்டத்துக்கு வெளிய உக்கார வைக்கலாம் டீச்சர், ஒத்துக்கிட்டா உள்ள வரலாம்"னா. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. ஏழு வயசுப் பொண்ணு! ஓட்டுக்கு விட்டேன், பாஸாயிடுச்சு. நதியாவும் அன்னிக்குக் கை தூக்கினவதான். ரெண்டு கையையும் தூக்கினா. ஒரு கைதான்டீன்னு சொல்லி இறக்கி விட்டேன்.

நதியா நல்ல பொண்ணும்மா. அதை நான் மறைக்கவே மாட்டேன். ஏரிக்கரைப் பக்கம் காலனியில இருக்கிற ஜனங்க. அந்தப் பக்கத்துல இருந்து பிள்ளைங்க தொடர்ச்சியா வர்றதே அபூர்வம். பொங்கல் முடிஞ்சா மூட்டை முடிச்சோட சூளைக்குக் கிளம்பிடுவாங்க, கோடை முடிஞ்சுதான் திரும்புவாங்க. இந்த வருஷம் அவ அம்மா தேசம்மா என்னைத் தேடி வந்து, "டீச்சரு, இவளை மட்டும் எந் தங்கச்சி வூட்ல வுட்டுட்டுப் போறேன், படிக்கட்டும், பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டுப் போனா. போகும்போது திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனா. நானும் பாத்துக்கத்தான் நினைச்சேன். எந்தக் குருவி எந்த மரத்துல கூடு கட்டும்னு எனக்கே சொல்லிக் குடுக்கும் அந்தப் பொண்ணு. எண்ணெய் காணாத தலை, ஆனா கண்ணு அப்படி இருக்கும்.

தை கடைசியில ஹர்ஷினியோட பென்சில் டப்பா காணாமப் போச்சு. சாதாரண டப்பா இல்ல. பட்டனைத் தட்டினா ஒரு பக்கம் ரப்பர் வரும், இன்னொரு பக்கம் ஷார்ப்பனர் வரும், அவ மாமா துபாய்ல இருந்து கொண்டாந்தது. பொண்ணு அழுது அழுது மூச்சு வாங்குது. சரி, வட்டம் போடுங்கன்னேன். நானா யாரையும் கேக்கல, யார் பையையும் திறக்கல. அதெல்லாம் போலீஸ் வேலை. நீங்களே பேசித் தீத்துக்கோங்கன்னேன்.

ஒரு பொண்ணு, "நதியாதான் அதைத் தொட்டுத் தொட்டுப் பாத்தா"ன்னுச்சு. இன்னொண்ணு, "அவகிட்டதான் பென்சிலே கிடையாது"ன்னுச்சு. "அவங்க காலனியில எல்லாரும் எடுப்பாங்கன்னு எங்க அப்பா சொன்னாரு"ன்னு ஒருத்தன் சொன்னான். நான் உடனே அதட்டினேன்மா, அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுன்னு. சொன்னேனே! நதியாவைக் கேட்டேன். "நா எடுக்கல"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அழலாம்ல? சத்தியம் பண்ணலாம்ல? ஒண்ணும் இல்ல, என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. சரி, நதியா பொய் சொல்றான்னு நினைக்கிறவங்க கை தூக்குங்கன்னு கேட்டேன். தூக்கினாங்க. வெளிய உக்காந்தா.

வெளியன்னா வெயில்ல இல்லம்மா, வராண்டா. கதவுக்கு இந்தாண்டதான். உள்ள நடத்துற பாடம் எல்லாம் கேக்கும். ஒத்துக்கோ, உள்ள வான்னு தினமும் காலையில நானே போய்க் கேப்பேன். "எடுக்கலயே டீச்சர்"ம்பா. பிடிவாதம். சத்துணவு வரிசையில வெளிய இருக்கிறவங்க கடைசியில நிக்கணும்னு குழந்தைங்க ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க. அதையும் ஓட்டுக்குத்தான் விட்டேன். கடைசியில போனாலும் முட்டை கிடைச்சுது, நான் கவனிச்சுப் பாத்தேன். ஒரு நாள் மட்டும் உடைஞ்ச முட்டை.

ஒரு நாள் மழை வந்துச்சு. மாசி பிறக்கப் போகுது, மழையான்னு கேக்காதீங்க, இந்த வருஷம் பெஞ்சுதே. சூளையில வார்த்துப் போட்ட, இன்னும் சுடாத பச்சைக் கல்லெல்லாம் கரைஞ்சு போச்சுன்னு இன்னிக்குத் தேசம்மா சொன்னா. வராண்டா ஓடு ஒழுகும். நதியா சுவரோட ஒண்டிக்கிட்டு நிக்குது. எனக்கு மனசு கேக்கல. உள்ள வாடின்னேன். அவ்வளவுதான், முப்பத்தொரு பிள்ளைங்களும் "விதி, விதி"ன்னு கத்துறாங்க. "டீச்சரே விதியை மீறலாமா"ன்னு ஹர்ஷினி கேக்குறா. என்ன பதில் சொல்வீங்க? நானே மீறினா அப்புறம் அந்த சார்ட்டு எதுக்கு? உடனே வட்டம் போட்டோம். பேசினோம். நிலைப்படியில உக்காரலாம், உள்ள கால் வைக்கக் கூடாதுன்னு முடிவாச்சு. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? குழந்தைங்க விட்டுக் குடுக்கக் கத்துக்கிட்டாங்களேன்னு. நிலைப்படியில முதுகு நனையும்தான். முன்பக்கம் நனையாது.

டிக்கெட்டா? நமக்கு ஃப்ரீதானே, வாங்கிட்டேன். நீங்களும் வாங்கி வெச்சுக்கோங்க, செக்கிங் வந்தா அதையும் கேப்பாங்க.

எங்க விட்டேன்? ஆங். ஒன்பதாவது நாள். ஆண்டு விழாவுக்குத் தோரணம் கட்டணும்னு பீரோவைத் திறந்து கலர் பேப்பர் சுருளை எடுக்குறேன், பின்னாடி அந்த டப்பா இருக்கு. அப்புறம் ஞாபகம் வந்துச்சு. கணக்கு நடத்தும்போது ஹர்ஷினி பட்டனை டக்கு டக்குன்னு தட்டிக்கிட்டே இருந்தா. நான்தான் வந்து டெஸ்க்குல இருந்து எடுத்து, சாயங்காலம் குடுக்கலாம்னு பீரோவுல வெச்சிருக்கேன். மறந்துட்டேன். அவளும் மறந்துட்டா, குழந்தைதானே. ஐம்பத்தொரு வயசு எனக்கு, பிரஷர் மாத்திரை சாப்பிடுறேன், எத்தனை எழுத்து வேலை குடுக்குறாங்க தெரியுமா எங்களுக்கு? பாடம் நடத்தவே நேரம் இல்ல.

வெளியில யார்கிட்டயும் சொல்லலம்மா. உங்ககிட்டதான் சொல்றேன், நீங்க யாரோ நான் யாரோ. டீச்சரே எடுத்து வெச்சிட்டாங்கன்னு தெரிஞ்சா, குழந்தைங்க அப்புறம் எதை நம்பும்? அந்த நம்பிக்கைதானே முக்கியம். அதனால டப்பாவை மேஜை மேல வெச்சு, கிடைச்சிடுச்சுன்னு மட்டும் சொன்னேன். ஹர்ஷினி ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டா. நதியா நிலைப்படியில இருந்து எட்டிப் பாத்தா. சிரிச்சா. ஆமா, சிரிச்சா, அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

இப்ப நதியாவை உள்ள கூப்பிடலாமான்னு கேட்டேன். பிள்ளைங்க என்ன கேக்குது தெரியுமா? "அவளே கொண்டாந்து வெச்சிட்டாளா டீச்சர்?" நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. "ஒத்துக்கிட்டாதானே உள்ள வரணும், அவ ஒத்துக்கவே இல்லையே"ன்னு ஒருத்தன். சரியான கேள்விதானே? விதி அப்படித்தானே இருக்கு? ஓட்டுக்கு விட்டேன். கூப்பிடலாம்னு ஒன்பது கை. மீதி எல்லாம் வேணாம்னு. ஒன்பது பேர் தூக்கினாங்களே, அதுவே எனக்குப் பெருசு. இன்னொரு வாரம் போனா பெரும்பான்மை வந்திருக்கும். வந்திருக்கும்மா. அதுக்குள்ள அவ நின்னுட்டா.

ரெண்டு நாள் கழிச்சு அவ வரல. அப்புறமும் வரல. காலனிக்கு ஆள் விட்டேன். ஸ்கூலுன்னு சொன்னாலே வாசல்ல உக்காந்துக்கிட்டு எழுந்திரிக்க மாட்டேங்குது, சோறும் திங்கல, அவ அம்மாகிட்டயே கொண்டு போய் விட்டுட்டேன்னு அவ சித்தி சொல்லி அனுப்பிச்சா.

இன்னிக்குப் போய்ப் பாக்குறேன். மெயின் ரோட்டுல இருந்து உள்ள ரெண்டு கிலோமீட்டர் நடை. வரிசை வரிசையா பச்சைக் கல் காயுது. அந்தக் கல்லைத் திருப்பித் திருப்பிப் போடணும், ரெண்டு பக்கமும் காயணும்ல, அதுக்குச் சின்னப் பிள்ளைங்கதான் தோது, மிதிச்சாலும் கல்லு உடையாது. குந்திக்கிட்டுத் திருப்பிக்கிட்டு இருக்கா. முடியெல்லாம் மண்ணு. என்னைப் பாத்தா. எழுந்திரிச்சு நின்னா. வணக்கம் டீச்சர்னா! சூளையில நின்னுக்கிட்டு! பிஸ்கட் வாங்கிட்டுப் போயிருந்தேன், குடுத்தேன். பிரிக்கல, கையிலயே வெச்சுக்கிட்டு நின்னா.

தேசம்மா கல் வார்க்குற அச்சுப் பலகையைப் போட்டுட்டு வந்தா. வாங்கன்னு சொல்லி ஒரு சிமெண்டு சாக்கை விரிச்சா. நான் உக்காந்து நிதானமா எடுத்துச் சொன்னேன். டப்பா கிடைச்சிடுச்சு, இனி ஒரு பிரச்சனையும் இல்ல, திங்கக்கிழமையில இருந்து அனுப்பு, இல்லன்னா பேரு போயிடும்னு.

"எங்க கெடச்சிது?"ன்னு கேட்டா.

"கிளாஸ்லயேதான் இருந்துச்சு."

"அப்ப எம் பொண்ணு எடுக்கல."

"எடுக்கலம்மா. அது முடிஞ்ச கதை."

"அத அந்தப் புள்ளைங்களாண்ட சொன்னியா டீச்சரு?"

பாத்தீங்களா, எப்படி மடக்குறான்னு. படிக்காத பொம்பளை. முதல்ல குழந்தை வரட்டும், பக்குவமா சொல்லிக்கலாம்னேன். அவ கையில ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினா. அப்புறம், "எத்தினி புள்ளைங்க கை தூக்கிச்சுங்க?"ன்னா.

நான் எதையும் மறைக்கிறவ இல்லம்மா. சொன்னேன். "எல்லாரும்தான். முப்பத்திரெண்டு பேரும்."

"கெளாஸ்ல எத்தினி பேரு?"

"முப்பத்திரெண்டு."

"எம் பொண்ணோட சேத்தா?"

ஆமான்னேன். அதைத்தானே நானும் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன்! அந்தப் பொண்ணே கை தூக்கினாம்மா. தான் பொய் சொல்றேன்னு தானே கை தூக்கினா. நான் கண்ணால பாத்தேன், எண்ணினேன். அதுக்கு மேல ஒரு டீச்சர் என்ன பண்ண முடியும்? அவளே தூக்கின பிறகு யாரு யாரை விரட்டினதாகும்?

தேசம்மா பொண்ணு பக்கம் திரும்பினா. "ஏம்மே, நீயுமா தூக்குன?" கோவமாக் கூட கேக்கல.

நதியா பிஸ்கட் பாக்கெட்டைப் பாத்துக்கிட்டே சொல்லுச்சு. "டீச்சர் ஒவ்வொருத்தரா எண்ணிக்கினே வந்தாங்க. எங்கிட்ட வந்து நின்னாங்க. நா தூக்குற வரிக்கும் போவல."

குழந்தைக்கு என்ன ஞாபகம் பாருங்க.

நின்னது நிஜம்தான். எல்லாரும் கலந்துக்கணும்னு ஒரு விதி இருக்குதே. ஒண்ணு 'ஆமா'ங்கிற கேள்விக்குத் தூக்கணும், இல்ல 'இல்லை'ங்கிற கேள்வி வரும்போது தூக்கணும், சும்மா உக்காந்திருக்கக் கூடாது. அந்தக் கேள்வியை நான் கேட்டேனான்னா... கேக்கல. எதுக்குக் கேக்கணும், முப்பத்தொண்ணு ஆயிடுச்சே. முப்பத்தொண்ணு எண்ணிட்டு, அவ முன்னாடி நின்னேன். எவ்வளவு நேரம் நின்னிருப்பேன்? ஒரு நிமிஷம் இருக்குமா? அவ என்னை அண்ணாந்து பாத்தா. மத்தவங்களைத் திரும்பிப் பாத்தா. அப்புறம் மெதுவா தூக்கினா. அப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? நல்ல பொண்ணுன்னு தோணுச்சு. சொன்னேன் கூட, "வெரி குட், ஒருமனதா நிறைவேறிடுச்சு"ன்னு. எல்லாரும் கை தட்டினாங்க. அவளும் தட்டினாம்மா.

இல்ல, ஒண்ணும் இல்ல. தூசு விழுந்துடுச்சு கண்ணுல. ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க.

தேசம்மா அதுக்கப்புறம் என்னை ஒரு வார்த்தை பேசல. திட்டியிருந்தாலும் பரவாயில்ல, நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். பொண்ணு கையில இருந்து பிஸ்கட்டை வாங்கி என் பை மேல வெச்சா. "போ, வெயிலு ஏர்றதுக்குள்ள அந்த வரிசைய முடி"ன்னா. பொண்ணு போயிட்டா. குந்தி உக்காந்து கல்லைத் திருப்ப ஆரம்பிச்சுட்டா. நான் கிளம்பும்போது கூப்பிட்டேன், நதியான்னு ரெண்டு தரம் கூப்பிட்டேன். திரும்பல. காது கேக்காத தூரம் இல்ல.

பெரிய டீச்சர் ஒரு ஃபாரம் குடுத்து அனுப்பியிருக்காங்க. இடையில் நின்றதற்கான காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, ரெண்டு வரி இடம்தான். அதுல என்னத்தை எழுதுறது சொல்லுங்க? டப்பாவை எழுத முடியுமா? நான் நின்னதை எழுத முடியுமா? நேர்ல போய்க் கூப்பிட்டேன், தாய் அனுப்ப மறுத்துட்டா, இதுவும் நிஜம்தானே. வரும்போதே சூளை வாசல்ல டீக்கடையில உக்காந்து எழுதிட்டேன். எல்லாரும் வழக்கமா எழுதுறதுதான், கட்டத்துக்குள்ள சரியா அடங்குது: 'பெற்றோருக்குக் கல்வியில் ஆர்வமில்லை.'